விடியாத புதன்கிழமை

தனபாக்கியம் கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. இன்னும் விடியவில்லை போல என்று புரண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால் எட்டரை தாண்டியிருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

வானம் முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. சூரிய உதயத்தின் நிறம் இல்லை அது. உதயம் என்றால் ஒரு திசை இருக்கும். இது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவாக வந்தது, இருமல் மருந்து பாட்டிலுக்குள் உட்கார்ந்து வெளியே பார்ப்பது போல. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குன்று தெரியவில்லை. எந்தப் பறவையும் கத்தவில்லை.

கலிபோர்னியாவில் அந்த ஆகஸ்டிலிருந்தே காடுகள் எரிந்துகொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியும். அவள் குடியிருந்த டப்ளினில் எல்லாரும் ஜன்னலை மூடிக்கொண்டுதான் தூங்கினார்கள். ஆனால் புகை என்றால் வாசனை இருக்க வேண்டுமே. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து முகர்ந்து பார்த்தாள். குளிர்ந்த காற்று வந்தது. வாசனையே இல்லை. கார்களின் மேல் மட்டும் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். பக்கத்தில் படுக்கை காலி. முந்தைய நாள் ஜெயபிரகாஷ் போட்டிருந்த சட்டையும் பேன்ட்டும், உள்ளே ஆள் இருந்து கரைந்துவிட்டதைப் போல, மெத்தையின் மேல் நீட்டிக் கிடந்தன.

அவள் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

தனபாக்கியம் தூத்துக்குடியில் ஒரு சின்ன பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். அங்கே சிறு பிள்ளைகளுக்குப் பேயைப் பற்றிய பயம் கிடையாது. இரகசிய வருகையைப் பற்றிய பயம்தான். ஆண்டவர் எந்த நேரமும் வருவார், தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார், இருவர் ஒரே படுக்கையில் இருந்தால் ஒருவர் போவார், மற்றவர் கிடப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் அம்மா இல்லையென்றால் மற்றப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். தனபாக்கியம் பாஸ்டர் வீட்டுக்கு ஓடுவாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பாஸ்டர் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்குவதைக் கண்ட பிறகுதான் மூச்சு வரும். அவர் இன்னும் இருக்கிறார் என்றால் யாரும் போகவில்லை என்று அர்த்தம்.

வளர்ந்து, படித்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேனேஜரான பிறகும் அவள் மாறவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம், விடியற்கால ஜெபம். இங்குள்ள சபையில் யாருக்காவது குழந்தை பிறந்தால் முதலில் போவது அவளுடைய ரசம்தான். "சிஸ்டர் தனம் மாதிரி ஒரு சீஷி வேணும்" என்று பாஸ்டரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். இவ்வளவும் அன்பினால் செய்தாளா, ஆண்டவர் விட்டுப்போய்விடுவாரோ என்ற பயத்தினால் செய்தாளா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கீழே இறங்கி வந்தாள். சமையலறை மேடையில் பாதி குடித்த காப்பி இருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஆறிப்போயிருந்தது. அதன் பக்கத்தில் ஜெயபிரகாஷின் போன். மில்பிடாஸில் அவன் வேலை செய்யும் லேபுக்கு அந்தப் போன் இல்லாமல் அவன் போனதே இல்லை. கராஜ் கதவைத் திறந்து பார்த்தாள். இரண்டு காரும் நின்றன.

"கெசியா! கெசியாம்மா!"

மகளின் அறையில் லேப்டாப் திறந்திருந்தது. கொரோனா வந்ததிலிருந்து பள்ளிக்கூடம் அதில்தான். திரையில் டீச்சர் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர், ஒன்றிலும் முகம் இல்லை. "எனிபடி? இஸ் எனிபடி தேர்?" என்று டீச்சர் கேட்டாள். நாற்காலியின் மேல் கெசியாவின் ஸ்வெட் ஷர்ட் கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தனபாக்கியம் பாஸ்டருக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து வாய்ஸ்மெயிலுக்குப் போயிற்று. சபையில் அவளோடு ஞாயிறு பள்ளி நடத்தும் கலாவதிக்குச் செய்தாள். அதுவும் அப்படியே. பிளசன்டனில் இருக்கும் இன்னொரு சிஸ்டருக்கு. எடுக்கவில்லை. மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் ஜெபிக்கிறவர்கள்.

வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். ஆள் இல்லை. நடுத்தெருவில் ஒரு பழுப்பு நாய் நின்றது. கழுத்துப்பட்டையிலிருந்து கயிறு தரையில் நீண்டு கிடந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்க யாரும் இல்லை. நாய் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. வானத்தைப் பார்ப்பதும், உட்காருவதும், எழுந்திருப்பதுமாக இருந்தது.

ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பலாம் என்று போனில் வானத்தைப் படம் பிடித்தாள். படத்தில் ஆரஞ்சு இல்லை. சாதாரண மேகமூட்டமான ஒரு காலை, சாம்பல் நிறத்தில். மறுபடி எடுத்தாள். மறுபடியும் சாம்பல். நிமிர்ந்தால் ஆரஞ்சு, குனிந்தால் சாம்பல். இது தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்று நினைத்தாள். தனக்கு மட்டும் காட்டப்படுகிறது.

உள்ளே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். ஸ்தோத்திரம் என்ற சொல் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. யாரிடம் சொல்வது? விடப்பட்டவர்களின் காலத்தில் ஜெபத்துக்குக் காது இருக்காது என்று பாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜெயபிரகாஷ் ஜெபக்கூட்டத்தில் தூங்குவான். கெசியா பைபிளைத் திறப்பதே பரீட்சைக்கு முன்னால்தான். அவர்களை எடுத்துக்கொண்டாரா? என்னை விட்டுவிட்டாரா? அவளுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. கல்யாண வீட்டில் எல்லாரையும் பெயர் சொல்லிப் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு, தன்னை மட்டும் தாண்டிப் போய்விட்டதைப் போல.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, வெளியே ஒரு குரல் கேட்டது.

"யாராவது இருக்கேளா? யாராவது இருக்கேளா?"

எதிர் வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி. மாம்பலத்திலிருந்து கணவர் மகாதேவனோடு மகனைப் பார்க்க வந்தவர், விமானம் நின்றுபோய் மார்ச்சிலிருந்து இங்கேயே மாட்டிக்கொண்டவர். அந்த வீட்டுக்குள் கொரோனா வந்துவிட்டது என்று தெருவுக்கே தெரியும். மகன் பத்ரியை இரண்டு நாளைக்கு முன்னால் ஆம்புலன்ஸ் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு காய்கறிப் பையை வாசலில் வைத்து, பெல்லை அழுத்திவிட்டு ஓடாதவர் அந்தத் தெருவில் இல்லை. தனபாக்கியமும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்தாள்.

மாமி தன் வீட்டுப் புல்தரையில் நின்றார். அந்த வெளிச்சத்தில் அவருடைய வெள்ளை முடியும் முகமும் புடவையும் ஒரே நிறமாக, செம்மண்ணில் செய்து வைத்த உருவம் போல இருந்தன. தனபாக்கியம் கதவைத் திறந்ததும் மாமி இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராதேங்கோ! எங்காத்துல எல்லாருக்கும் வந்திருக்கு. மாமா பாத்ரூம்ல விழுந்துட்டார். மூச்சு இழுக்கறது. நைன் ஒன் ஒன் பண்ணிட்டேன், வர லேட்டாகும்ங்கறா. அதுவரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணுமாம். என்னால அவரை அசைக்க முடியலியே. மாட்டுப்பொண் ஷ்யாமளா ஆக்சிஜன் மெஷின் வாங்கப் போயிருக்கா, போனே எடுக்கல. ஆம்பளைகள் யாராவது இருந்தா சொல்லுங்கோ..."

ஆம்பளைகள் யாரும் இல்லை. யாருமே இல்லை.

தனபாக்கியம் படியில் நின்றாள். பிற்பாடு இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் அவள் கொஞ்சம் நிறுத்துவாள். அந்தத் தெருவைக் கடந்தால் அவளுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை என்று அப்போது அவள் உறுதியாக நம்பினாள். பரலோகம் கதவை மூடிவிட்டது. இனிமேல் நல்லது செய்தாலும் பார்க்க ஆள் இல்லை, எழுதிவைக்க ஆள் இல்லை. நோய்தான் மிச்சம்.

ஆனால் நோயாளியைப் போய்ப் பார் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார். தம்மையே பார்ப்பதாக அதை எடுத்துக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தார். அவர் அவளை வேண்டாமென்று போயிருக்கலாம். அவர் சொன்னது சொன்னதுதானே? சொன்னவர் கூட இல்லையென்றால் சொன்னது இல்லாமல் போய்விடுமா? அப்படியெல்லாம் அவள் வரிசையாக யோசித்தாளா என்பது அவளுக்கே தெரியாது. "சரி, போங்க. நான் நீங்க சொன்னதத்தான் செய்வேன்," என்று வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். துப்பட்டாவை மூக்கின் மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"நீங்களா? வேண்டாம்மா, உங்களுக்குக் குழந்தை இருக்கு," என்றார் மாமி.

"பரவால்ல மாமி. எங்க இருக்காரு?"

அந்த வீட்டில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. பிளைண்ட்ஸ் இடுக்கு வழியாக ஆரஞ்சு வெளிச்சம் சுவரில் கோடுகோடாக விழுந்திருந்தது. கற்பூரமும் காய்ச்சலும் கலந்த ஒரு வாடை. மகாதேவன் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தார். கதவை முழுவதும் திறக்க முடியவில்லை. தனபாக்கியம் பக்கவாட்டில் நுழைந்து, அவர் கக்கத்தில் கைகொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கம்பளத்துக்கு இழுத்தாள். கனத்த சரீரம். சுட்டது. ஒவ்வொரு மூச்சும் கிணற்றிலிருந்து வருவதைப் போல வந்தது. மாமி காலைப் பிடித்துக்கொள்ள, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்தாள். மூச்சின் சத்தம் கொஞ்சம் தணிந்தது.

அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், திறந்திருந்த வாசலைப் பார்த்தார்.

"அவரை உள்ள வரச் சொல்லுங்கோ," என்றார்.

"யாரைங்க ஐயா?"

"உங்களோட வந்தவரை. வாசல்லயே நின்னுண்டிருக்காரே."

தனபாக்கியத்தின் பிடரி சில்லிட்டது. திரும்பினாள். வாசல் காலியாக இருந்தது. நிலைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு, அவ்வளவுதான். மாமி அவளைப் பார்த்தார், அவள் மாமியைப் பார்த்தாள்.

"யாரும் இல்லியேன்னா," என்றார் மாமி. "ஜுரத்துல உளறறார்."

"இல்லடி. தெருவத் தாண்டறச்சேயே பார்த்தேன். இவா பின்னாடியே வந்தார்." அவர் பேசுவதை நிறுத்தி மூச்சு வாங்கினார். அவர் விழுந்து கிடந்த இடத்தில் ஜன்னல் இல்லை. அங்கிருந்து தெருவைப் பார்த்திருக்க வழியே இல்லை. "வாங்கோ, உள்ள வாங்கோ," என்று வாசலை நோக்கிக் கையை லேசாக உயர்த்தினார், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அழைப்பதைப் போல. பிறகு யாரோ பக்கத்தில் வந்து உட்கார இடம் விடுகிறவரைப் போல முழங்காலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. அவர் விட்ட இடத்தை தனபாக்கியம் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்ற பயமா, ஏதாவது இருந்துவிடும் என்ற பயமா, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மடியிலிருந்த தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. பயத்தில் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, ஆனாலும் எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. தலையிலிருந்து கால்வரை மூடிய உருவங்கள் உள்ளே வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போயின. பெரியவர் போகும்போது வாசலில் ஒருமுறை தலையைத் திருப்பி, வீட்டுக்குள் பார்த்தார்.

தெருவுக்கு வந்தபோது ஜெயபிரகாஷும் கெசியாவும் எதிரே ஓடிவந்தார்கள்.

"எங்க போன தனம்? வீட்டுக் கதவெல்லாம் தெறந்து கெடக்கு!"

அவர்களைக் கண்டதும் தனபாக்கியம் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெசியா பதறிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அம்மா! ஆர் யூ ஓகே? வாட் ஹேப்பண்ட்?"

"கிட்ட வராத! அங்கேயே நில்லு!" என்று அனந்தலக்ஷ்மி மாமியைப் போலவே இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நடந்தது சின்ன விஷயம்தான். வானத்தைப் பார்ப்பதற்காக அப்பாவும் மகளும் பின்னால் இருக்கும் குன்றில் ஏறியிருக்கிறார்கள். முந்தின இரவு தலைவலி என்று மாத்திரை போட்டுத் தூங்கியவளை எழுப்ப வேண்டாம் என்று பார்த்திருக்கிறார்கள். ஜெயபிரகாஷின் போனில் சார்ஜ் இல்லை. கெசியா கேமராவை அணைத்துவிட்டு வகுப்புக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறாள். நாய்க்குச் சொந்தக்காரியும் மேலேதான் நின்று, ஓடிப்போன நாயைத் தேடிக்கொண்டிருந்தாள். பாஸ்டரும் கலாவதியும் மற்றவர்களும் இது கடைசி காலத்து அடையாளமோ என்று அவசர ஜூம் ஜெபத்தில் இருந்தார்கள். போன் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளுமாம். புகை மூடுபனிக்கு மேலே உயரத்தில் தங்கிவிட்டதால்தான் வாசனை இல்லையாம். ஜெயபிரகாஷ் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். வாசலில் நின்றவரைப் பற்றி அவள் சொன்னபோது, "ஆக்சிஜன் கொறஞ்சா அப்படித்தான் தெரியும்," என்றான். ஜன்னல் இல்லாத குளியலறையில் கிடந்தவருக்குத் தெரு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.

சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாடி அறையில் தனியாக இருந்தாள். அதே சமயத்தில் ஷ்யாமளாவும் படுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. காய்ச்சல் விட்டதும் தனபாக்கியம் ஒரு பையில் துணியை எடுத்து வைத்தாள்.

"மறுபடி அங்கயா?" என்றான் ஜெயபிரகாஷ் படிக்கட்டின் அடியில் நின்று. "நீ செஞ்சது போதாதா? நம்ம சபையில வேற யாரு இப்படிப் போறா?"

"எனக்குத்தான் வந்து போயாச்சே. இந்தத் தெருவுல இப்ப அந்த வீட்டுக்குள்ள போக முடிஞ்ச ஒரே ஆளு நான்தான்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்கு," என்றாள். "அந்த வீட்டுக்குள்ள போனா இன்னும் முதுகு சில்லுங்குது. ஆனா முன்னாடி இருந்த பயம் வேற. அது போயிருச்சுங்க."

அந்த ஞாயிறு சபை ஜூமில் கூடியது. எதிர்வீட்டு அறையிலிருந்துதான் தனபாக்கியம் சேர்ந்தாள். விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாஸ்டர் முகமெல்லாம் பூரிப்பாக, "சிஸ்டர் தனம் ஒரு பெரிய சாட்சி சொல்லப்போறாங்க. புறமதத்து மனுஷர் ஒருவருக்கு ஆண்டவர் தரிசனமாகியிருக்கார்," என்றார். கட்டங்களில் கைகள் உயர்ந்தன.

அவள் மைக்கைத் திறந்தாள். "பாஸ்டர், அன்னைக்கு ஆண்டவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கிட்டேதான் அந்த வீட்டுக்குப் போனேன். நான் யாரையும் பாக்கல."

"ஆனா அந்தப் பெரியவர் பாத்தாரில்ல?"

"அவர் பாத்தார். யாருன்னு அவர் சொல்லல. நானா ஒரு பேர் சொன்னா அது பொய் சாட்சி பாஸ்டர்."

பாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

மகாதேவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடாத காலம் அது. ஒரு நர்ஸ் ஐபேடைப் பிடித்துக் காட்ட, அனந்தலக்ஷ்மி மாமி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதில் அவரைப் பார்த்தார். மாலையில் போன் வந்தது. ஷ்யாமளா மாடியில் படுத்திருந்தாள், பத்ரி இன்னும் வேறொரு வார்டில் இருந்தான். வீட்டில் எழுந்து நடமாடியது தனபாக்கியமும் மாமியும்தான். தனபாக்கியம் மோர் சாதம் கரைத்து வைத்தாள். மாமி அதைத் தொடவில்லை.

வெகுநேரம் கழித்து மாமி கேட்டார். "தனியாவா போயிருப்பார்?"

தனபாக்கியத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் மாமி அழுது முடித்துச் சாப்பிட்டிருப்பார். அவள் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது மாமி. நான் பாக்கல. ஆனா அன்னைக்கு வாசல்ல ஒருத்தர் நிக்கறதா சொன்னாரே, அப்ப அவர் முகத்துல பயமே இல்ல. அத நான் பாத்தேன்."

மாமி யோசித்தார்.

"ஆமாம்," என்றார். "நன்னாத் தெரிஞ்ச மனுஷாளைக் கூப்பிடறாப்பலதான் கூப்பிட்டார்."

வெளியே வானம் பழைய நிறத்துக்கு வந்து பல நாளாகியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமி தட்டைத் தன் பக்கமாக இழுத்து, ஒரு பிடி சாதத்தை எடுத்தார்.